படம் சொல்லாததைப் பாக்டீரியா சொன்னது

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று வயதிலேயே பரோடாவுக்குப் போய்விட்டவர் என்றாலும் நம் மாவட்டத்துக்காரர் என்ற பெருமிதம் விருத்தாசலம் வரைக்கும் எட்டியது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்ட அந்தப் பரிசு, செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோம் என்னும் இயந்திரத்தின் அணு அளவிலான வடிவத்தைக் கண்டறிந்ததற்கானது. ரைபோசோமின் படம் பாடநூலுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் நடந்த இன்னொரு பெரிய வேலை தமிழ் வாசகர்களிடம் அநேகமாக வந்து சேரவே இல்லை. பாக்டீரியாவின் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றி, புரத உற்பத்தி எங்கே தடுமாறுகிறது என்று கவனித்து, ஒவ்வோர் உறுப்பின் பணியையும் கண்டறியும் வேலை அது. அதில் பெங்களூரு, ஹைதராபாத் ஆய்வகங்களின் பங்கு கணிசமானது.

அணு எங்கே இருக்கிறது என்பதைப் படம் காட்டும். அந்த அணு இல்லாமல்போனால் செல் என்ன ஆகும் என்பதை அது காட்டாது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த கலவையில் ஃபெல்ட்ஸ்பார் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதன் அளவை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, சிறு துண்டுகள் செய்து சூளையில் சுட்டுப் பார்ப்பார்கள். உயிரியலில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. சூளையில் விரிசல் விட்ட துண்டும் ஏதாவது ஒரு பதில் சொல்லும், செத்துப்போன செல் எதுவும் சொல்லாது. புரத உற்பத்தியோ உயிரின் அடிப்படை வேலை. அதில் கை வைத்தால் செல் பெரும்பாலும் செத்துவிடும். ஆகவே கொல்லாமல் மாற்றுவது எப்படி என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் கேள்வியாக இருந்தது. நல்ல ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு புது வழி கண்டார்கள்.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.என்.ஏ.யில் இருக்கும் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. அந்த மூன்றெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். மொத்தம் 64 கோடான்கள், அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பவை, மீதி மூன்றும் ‘நிறுத்து’ என்பவை. கோடானுக்கு ஏற்ற அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்தி ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில் அமினோ அமிலமும் மறுபக்கம் கோடானோடு பொருந்தும் எதிர்க்கோடானும் இருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவின் ரைபோசோம் மூன்று ஆர்.என்.ஏ.க்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்த கட்டமைப்பு. அதில் சிறு துணையலகு, பெரிய துணையலகு என்று இரண்டு பகுதிகள். விநாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்கள் வரை கோக்கும். ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் ஒரு பிழை செய்யும். இந்தப் பிழை விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் அது முக்கியமாகிறது.

தியடோர் எஷரிக் 1885இல் விவரித்த இந்தக் குடல் பாக்டீரியா ஆய்வகத்துக்கு வாய்த்தது அதன் வேகத்தால். நல்ல உணவும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். மாலையில் பெட்ரித் தட்டில் பரப்பினால் காலையில் காலனிகள் தெரியும். கோடிக்கணக்கான செல்களில் ஒன்றில் மட்டும் நேர்ந்த மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடலாம், அந்த ஒன்று மட்டும் பிழைக்கும்படி தட்டைத் தயாரித்தால். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் துறையின் பலம் முழுவதும் இருக்கிறது.

மார்ஷல் நைரன்பர்கும் ஹைன்ரிக் மத்தாயியும் 1961இல் செய்த புகழ்பெற்ற சோதனையில் உயிருள்ள செல் இல்லை. ஈ.கோலையை உடைத்து எடுத்த சாற்றில் யு என்ற ஒரே எழுத்தால் ஆன செயற்கை ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தார்கள். ஃபீனைல் அலனின் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. இப்படி முதல் கோடான் படிக்கப்பட்டது. முல்தானை அடுத்த ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, எழுத்துகளை வேண்டிய வரிசையில் அடுக்கிச் செயற்கை ஆர்.என்.ஏ. தயாரித்து மீதிக் கோடான்கள் பலவற்றைத் தீர்த்தார். 1968இல் நைரன்பர்க், ராபர்ட் ஹோலி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். அகராதி கிடைத்துவிட்டது. ஆனால் வாசிப்பவர் எப்படி வாசிக்கிறார் என்பது அகராதியில் இருப்பதில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்பது ரைபோசோமுக்கு எப்படித் தெரிகிறது?

தொடக்கம் என்ற புதிர்

புரதம் பெரும்பாலும் ஏ.யு.ஜி. என்ற கோடானில் தொடங்குகிறது, அதற்குரிய அமினோ அமிலம் மெதியோனின். ஆனால் ஏ.யு.ஜி. மரபணுவின் நடுவிலும் வரும். நடுவில் வரும்போது ஒரு கடத்தி ஆர்.என்.ஏ.வும் தொடக்கத்தில் வரும்போது வேறொரு கடத்தி ஆர்.என்.ஏ.வும் மெதியோனினைக் கொண்டுவருகின்றன. தொடக்கத்துக்கு வருவதன் மெதியோனினில் ஃபார்மைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருக்கும். 1964இல் மார்க்கரும் ஃபிரெட் சாங்கரும் இதைக் கண்டார்கள். இரண்டுக்கும் எதிர்க்கோடான் ஒன்றே. பிறகு ரைபோசோம் எப்படி வேறுபடுத்துகிறது? தொடக்கக் கடத்தியின் தண்டுப் பகுதியில் ஜி–சி இணைகள் மூன்று அடுத்தடுத்து இருக்கின்றன. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை ஏறக்குறைய எல்லா உயிரிலும் அந்த மூன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. இவ்வளவு உறுதியாகக் காக்கப்படும் ஒன்றுக்கு ஏதோ வேலை இருக்க வேண்டும்.

அந்த மூன்றையும் மாற்றிப் பார்க்கலாம் என்றால், தொடக்கக் கடத்தி இல்லாமல் செல்லின் எந்தப் புரதமும் தொடங்காது. செல் சாகும். அல்லது, மாறாத பிரதிகள் வேலையைச் செய்துகொண்டே இருக்க, மாற்றியது என்ன செய்கிறது என்று தெரியவே தெரியாது. காட்மாண்டுவில் பிறந்து, கொரானாவின் ஆய்வகத்தில் பயின்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய உத்தம் ராஜ்பண்டாரி இந்த முட்டுக்கட்டையைத் தாண்டிய விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தொடக்கக் கடத்தியின் கூடுதல் பிரதி ஒன்றை அவர் குழு எடுத்துக்கொண்டது. ஏ.யு.ஜி.யைப் படிக்கும் அதன் எதிர்க்கோடானை, யு.ஏ.ஜி. என்ற நிறுத்தக் கோடானைப் படிக்கும்படி திருத்தியது. குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செயலிழக்கச் செய்யும் நொதியின் மரபணுவிலும் தொடக்க ஏ.யு.ஜி.யை யு.ஏ.ஜி.யாக மாற்றியது. இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக ஈ.கோலைக்குள் செலுத்தினார்கள்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். செல்லின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் ஏ.யு.ஜி.யிலேயே தொடங்குகின்றன, அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. யு.ஏ.ஜி.யில் தொடங்கும் மரபணு ஒன்றே ஒன்றுதான், அதைத் தொடங்கி வைக்க முடிந்த கடத்தியும் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடத்தியில் எந்த மாற்றம் செய்தாலும் அதன் விளைவு இந்த ஒரு நொதியில் மட்டும் தெரியும். நொதி கூடினால் செல் குளோராம்ஃபெனிகால் தட்டில் வளரும், குறைந்தால் வாடும். நம் ஊர் மருத்துவமனைகளில் வெகுகாலம் டைஃபாய்டுக்குக் கொடுத்துவந்த அந்த மருந்தே ரைபோசோமின் பெரிய துணையலகைத் தாக்கிப் புரத உற்பத்தியை நிறுத்துவதுதான். புரத உற்பத்தியை ஆராய, புரத உற்பத்தியைக் கொல்லும் மருந்தே அளவுகோலாயிற்று. அப்போது ராஜ்பண்டாரியின் ஆய்வகத்தில் இருந்த உமேஷ் வர்ஷ்ணேயும் அவரும் சேர்ந்து 1990இல் இதை வெளியிட்டார்கள். எதிர்க்கோடான் மாறியதால் கடத்தியில் மெதியோனினுக்குப் பதில் குளூட்டமின் ஏறிக்கொள்கிறது. அப்படியும் புரதம் தொடங்குகிறது. தொடங்குவதற்கு மெதியோனின் கட்டாயமில்லை என்பதே அன்று பெரிய செய்தி.

வர்ஷ்ணே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து இந்த முறையைக் கையிலெடுத்தார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆய்வகம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மூன்று ஜி–சி இணைகளைப் பறித்துவிட்ட கடத்தி வேலை செய்யாது. எந்தச் சூழ்நிலையில் அது மறுபடி வேலை செய்யும்?

இப்படித் திருப்பிக் கேட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று இணையும் இல்லாத கடத்தியைச் சுமக்கும் பாக்டீரியாக்களைக் குளோராம்ஃபெனிகால் தட்டில் பரப்பினால் அநேகமாக எல்லாம் சாகும். எங்காவது ஒரு காலனி தலைகாட்டினால், அந்தச் செல்லின் மரபணுத் தொகுதியில் வேறெங்கோ ஒரு சடுதி மாற்றம் நேர்ந்து, ரைபோசோமின் கண்டிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த வேறெங்கோ எது என்று தேடிப் போனால், காவல் வேலையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவரும். எங்கே தேட வேண்டும் என்பதை ஆய்வாளர் முன்கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை, பாக்டீரியாவே காட்டிக்கொடுக்கும்.

2008இல் அந்த ஆய்வகம் வெளியிட்ட ஒரு முடிவு இதற்குச் சான்று. தப்பிப் பிழைத்த ஓர் இனத்தில் மாற்றம் இருந்தது ஃபோல்டி என்ற மரபணுவில். அதற்கும் ரைபோசோமுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, அது ஃபோலேட் வளர்சிதை மாற்றத்தைச் சேர்ந்தது. அந்த மாற்றத்தால் செல்லில் மெதியோனினும், அதிலிருந்து உருவாகும் மீத்தைல் கொடையாளி மூலக்கூறும் கடுமையாகக் குறைந்தன. கொடையாளி குறைந்ததால் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் வழக்கமாக ஒட்டப்படும் சிறு மீத்தைல் குழுக்கள் விடுபட்டன. அவை விடுபட்டதும், மூன்று இணை இல்லாத கடத்தியும் தொடக்க வேலைக்கு அனுமதிக்கப்பட்டது. பிறகு அந்த மீத்தைல் குழுக்களை ஒட்டும் நொதிகளின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி இதை உறுதி செய்தார்கள். ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் அங்கங்கே மீத்தைல் குழு இருப்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். அவை தொடக்கக் கடத்தியைத் தேர்ந்தெடுப்பதோடு தொடர்புடையவை என்பதை இந்தக் காலனி சொன்னது.

மூன்று ஆண்டுக்குப் பின் வந்த முடிவு இன்னும் ஆழமானது என்று நினைக்கிறேன். ஈ.கோலையில் தொடக்கக் கடத்திக்கு நான்கு மரபணுப் பிரதிகள் உண்டு, மூன்று ஓரிடத்திலும் ஒன்று வேறிடத்திலும். ஒன்று போதாதா, நான்கு எதற்கு? பிரதிகளைக் குறைத்துப் பார்த்தபோது, மூன்று இணை இல்லாத கடத்தி தொடக்க வேலையில் இறங்கியது. சங்கிலியின் நடுவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய சாதாரணக் கடத்திகள்கூடத் தொடக்கத்தில் நுழைந்தன. உண்மையான தொடக்கக் கடத்திகள் கூட்டமாக நின்று மற்றவற்றை நெருங்கவிடாமல் வைத்திருக்கின்றன என்றாகிறது. துல்லியம் என்பது உறுப்புகளின் வடிவத்தில் மட்டும் இல்லை, அவற்றின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. எவ்வளவு தெளிவான படிகப் படமும் இந்த எண்ணிக்கையைக் காட்டாது. உயிருள்ள செல்லை மாற்றிப் பார்க்காமல் இந்த உண்மைக்கு வேறு வழியில் வந்திருக்க முடியாது.

அதே ஆய்வகம் 2016இல் வெளியிட்டது: தொடக்கக் கடத்தி, புதிதாகக் கட்டப்படும் ரைபோசோமின் கடைசிக்கட்டச் செப்பனிடலிலும் பங்கெடுக்கிறது. சிறு துணையலகின் ஆர்.என்.ஏ. முதலில் நீளமாக உருவாகி, பிறகு முனைகள் நறுக்கப்பட்டு முழுமை பெறும். மூன்று ஜி–சி இணைகளும் அந்த நறுக்கலைத் தூண்டுகின்றன. முதல் புரதத்தைத் தொடங்கி வைக்க வரும் மூலக்கூறே இயந்திரம் தயாரா என்றும் பரிசோதிக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு பிழை சரியான அளவு

தொடங்கியபின் வரும் கேள்வி, சரியான அமினோ அமிலத்தைத்தான் கோக்கிறதா என்பது. இங்கே பாக்டீரியா வழியாக வந்த பதில் படத்துக்கு நெடுங்காலம் முந்தியது. 1964இல் ஹார்வர்டில் லூயிஜி கொரீனியும் கூட்டாளிகளும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து ரைபோசோமைத் தவறாகப் படிக்க வைக்கிறது என்று காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத ஈ.கோலை இனங்களில் சிறு துணையலகின் எஸ்12 என்ற புரதம் மாறியிருந்தது. அவற்றில் சில, இயல்பான பாக்டீரியாவைவிடத் துல்லியமாகப் படித்தன. ஆனால் மெதுவாகப் படித்தன, மெதுவாகவே வளர்ந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் இல்லாமல் வாழவே முடியாத இனங்களும் கிடைத்தன. எஸ்4 என்ற இன்னொரு புரதம் மாறினால் நேர்மாறாகப் பிழைகள் கூடின. துல்லியம் ஒரு திருகைப் போல இரு திசையிலும் திரும்பக்கூடியது, இயற்கை அதை ஓர் இடைப்பட்ட நிலையில் வைத்திருக்கிறது என்பது அப்போதே புலப்பட்டது.

ராமகிருஷ்ணனின் குழு 2000இல் தீர்த்த சிறு துணையலகின் அமைப்பு, ஜப்பானின் இசுப் பகுதி வெந்நீரூற்றில் கண்டெடுத்த தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவினுடையது. சரியான கடத்தி வந்து பொருந்தும்போது சிறு துணையலகின் ஆர்.என்.ஏ.வில் மூன்று எழுத்துகள் நகர்ந்து கோடான் இணைவின் வடிவத்தைத் தொட்டுப் பார்க்கின்றன, அதையடுத்துத் துணையலகே மூடிக்கொள்கிறது என்று அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் குழு காட்டியது. எஸ்4, எஸ்12 ஆகிய இரண்டும் அந்த மூடல் நடக்கும் இடங்களில் இருக்கின்றன. நாற்பது ஆண்டுக்கு முன் கொரீனியின் பாக்டீரியாக்கள் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. படமும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று நிறைவு செய்த அபூர்வமான சந்திப்பு இது. படம் முதலில் வந்திருந்தால் அதில் எங்கே பார்க்க வேண்டும் என்பதே தெரிந்திருக்காது.

இது தமிழ்நாட்டுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகள் பலவற்றில் மாறியிருப்பது அதே எஸ்12 புரதத்தின் மரபணுதான், சில இடங்களில் சிறு துணையலகின் ஆர்.என்.ஏ. மரபணு. பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இன்று கொடுக்கும் லைனசோலிடும் ரைபோசோமையே, அதன் பெரிய துணையலகையே, தாக்குகிறது. நோயாளியின் சளிப் பரிசோதனையில் தெரியும் எதிர்ப்புத்திறனை விளங்கிக்கொள்ள ஈ.கோலை தட்டுகளில் கற்ற பாடம் அடித்தளமாக இருக்கிறது.

பிழை எப்போதும் கேடுதானா என்ற கேள்விக்கும் பெங்களூரிலிருந்து ஒரு பதில் வந்தது. தொடக்கக் கடத்தியின் பிரதிகள் குறைந்த ஈ.கோலை இனங்களில் புரதப் பிழைகள் கூடுதலாக நிகழ்கின்றன. லாஸ்யா சம்ஹிதா, தீபா அகாஷே ஆகியோரின் தேசிய உயிரியல் அறிவியல் மையக் குழு, 2020இல் அவற்றை சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் மருந்துக்கு உட்படுத்திப் பார்த்தது. பிழை அதிகம் செய்யும் செல்கள் கூடுதலாகப் பிழைத்தன. தவறான புரதங்கள் செல்லின் நெருக்கடிகால டி.என்.ஏ. பழுதுநீக்கத்தை முன்கூட்டியே எழுப்பிவிடுவதுதான் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். மருந்து எதிர்ப்பு பரவும் நாட்டில் இதைக் கவலையோடு படிக்க வேண்டும். எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லாமலே, படிப்பதில் கொஞ்சம் தளர்ந்ததாலேயே ஒரு பாக்டீரியா மருந்தைத் தாங்கிவிடலாம்.

பிழை திருத்தும் வேலை ரைபோசோமுக்கு வெளியிலும் நடக்கிறது. அமினோ அமிலங்களுக்கு வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. புரதத்தில் இடவடிவம் மட்டுமே சேரும். வலவடிவம் தப்பித்தவறிக் கடத்தியில் ஏறிவிட்டால் அதைக் கழற்றிவிடும் நொதி ஒன்று இருக்கிறது. அந்த மரபணுவை நீக்கிய ஈ.கோலைக்கு வலவடிவ டைரோசின் கொடுத்தால் நச்சாகிறது. இந்த நொதி வலவடிவத்தை எப்படி இனங்காண்கிறது என்பதை ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ராஜன் சங்கரநாராயணனின் குழு 2013இல் விளக்கியது. நொதியின் பொந்து வலவடிவத்தைத் தேடிப் பிடிப்பதைவிட, இடவடிவம் நுழையவே முடியாதபடி அமைந்திருக்கிறது. சங்கரநாராயணனுக்கு 2020ஆம் ஆண்டு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது இந்தத் துறையில்தான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்துவிட்டு பாக்டீரியா மரபியலுக்கு வந்த ஜெ. கௌரிசங்கரின் பணியையும் இங்கே சொல்ல வேண்டும். பாக்டீரியாவில் தூது ஆர்.என்.ஏ. முழுதாகத் தயாராவதற்கு முன்பே ரைபோசோம்கள் அதன்மேல் ஏறிவிடுகின்றன. இந்த அவசரம் எதற்கு? ரைபோசோம் பின்தொடராவிட்டால், புதிதாக வரும் ஆர்.என்.ஏ. திரும்பிப் போய் டி.என்.ஏ.விலேயே ஒட்டிக்கொண்டு செல்லுக்கு ஊறு செய்யும், அதைத் தடுப்பதற்கும் இந்த ஏற்பாடு உதவுகிறது என்று அவரும் ஆர். ஹரிநாராயணனும் 2004இல் ஈ.கோலை மரபியலைக் கொண்டு வாதிட்டார்கள். புரதம் கட்டுவது மரபணுத் தொகுதியைக் காப்பதோடும் பிணைந்திருக்கிறது என்ற அந்தப் பார்வை, என் கணிப்பில், போதிய கவனம் பெறவில்லை.

இயந்திரத்தையே மாற்றுவது

கடத்தியை மாற்றலாம், புரதத்தை மாற்றலாம். ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை மாற்றுவது வெகுநாள் கைகூடவில்லை. அதன் மரபணுத் தொகுதி ஈ.கோலையில் ஏழு இடங்களில் இருப்பதுதான் காரணம். ஒன்றை மாற்றினால் மற்ற ஆறும் மறைத்துவிடும். 1987இல் ஹூயியும் டி போயரும் ராஜ்பண்டாரியின் யோசனைக்கு ஒப்பான ஒன்றைச் செய்தார்கள். ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.வை அடையாளம் காணும் சிறு வரிசையை, 1974இல் ஷைனும் டால்கார்னோவும் கண்டறிந்ததை, இரண்டு பக்கமும் சேர்ந்தே மாற்றி, ஒரே ஒரு மரபணுவை மட்டும் படிக்கும் தனி ரைபோசோமை உருவாக்கினார்கள். 1999இல் அமெரிக்காவில் கேத்தரின் ஸ்கொயர்ஸின் குழு ஏழு தொகுதிகளையும் நீக்கி, பிளாஸ்மிடில் உள்ள ஒன்றை மட்டும் நம்பி வாழும் ஈ.கோலையை உண்டாக்கியது. இனி அந்த ஒன்றை மாற்றினால் செல்லின் எல்லா ரைபோசோமும் மாறும்.

அதற்குப் பிறகு ஆய்வாளர்களுக்குத் துணிச்சல் கூடியது. ஒவ்வொரு புரதம் முடிந்ததும் ரைபோசோமின் இரண்டு துணையலகுகளும் பிரிய வேண்டும், பிரியாவிட்டால் இயந்திரம் ஓடாது என்பது அரை நூற்றாண்டு நம்பிக்கை. 2015இல் அலெக்சாண்டர் மான்கின், மைக்கேல் ஜுவெட் குழுவினர் இரண்டையும் ஓர் ஆர்.என்.ஏ. இழையால் பிணைத்தே விட்டார்கள். பிணைந்த ரைபோசோமை மட்டும் கொண்டு பாக்டீரியா மெதுவாகவேனும் வளர்ந்தது. பாடநூல் சொன்ன ஒரு கட்டாயம் கட்டாயமில்லை என்று ஒரு தட்டு நிறையக் காலனிகள் காட்டிவிட்டன.

கோடான் அகராதியையே திருத்தும் வேலையும் இதே வழியில் வந்ததுதான். 2013இல் ஜார்ஜ் சர்ச்சின் குழு ஈ.கோலையின் 321 யு.ஏ.ஜி. நிறுத்தக் கோடான்களையும் வேறொரு நிறுத்தக் கோடானாக மாற்றி, யு.ஏ.ஜி.யைக் காலியாக்கியது. 2019இல் கேம்பிரிட்ஜில், ராமகிருஷ்ணன் பணியாற்றிய அதே மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில், ஜேசன் சின்னின் குழு ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துள்ள மரபணுத் தொகுதியை முழுக்கச் செயற்கையாகக் கட்டி, 18,214 இடங்களில் கோடானை மாற்றி, 61 கோடான்களோடு மட்டும் வாழும் ஈ.கோலையை உருவாக்கியது. காலியான கோடான்களுக்கு உரிய கடத்திகளையும் பின்னர் நீக்கியபோது, அந்தக் கோடான்களை நம்பிவரும் வைரஸ்களால் அதைத் தாக்க முடியவில்லை. இயற்கையில் இல்லாத அமினோ அமிலங்களை அந்த இடங்களில் கோக்கவும் முடிகிறது. ஊடகங்கள் இதைச் செயற்கை உயிர் என்று பரபரப்பாக எழுதின. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு: ஒரே அமினோ அமிலத்துக்கு ஆறு கோடான்கள் இருக்க வேண்டியதில்லை என்பது வாதமாக இல்லாமல் வளரும் உயிராக நிரூபணமாயிற்று.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு, அவற்றை மறைப்பது சரியல்ல. பிளாஸ்மிட் வழியாகச் செலுத்தும் கடத்தி இயல்பைவிடப் பல மடங்கு கூடுதலாகச் சேர்ந்துவிடலாம். எண்ணிக்கையே துல்லியத்தைத் தீர்மானிக்கும்போது இது பெரிய எச்சரிக்கை. ஒரு மாற்றத்தால் செல் மெதுவாக வளர்ந்தால், புரத உற்பத்தி தடுமாறியதால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் புரத உற்பத்தி தடுமாறியதா என்று பிரிப்பதும் கடினம். ஈ.கோலை மனிதச் செல் அல்ல. நம் செல்களின் பொதுத் தொடக்கத்தில் ஃபார்மைல் இல்லை, ரைபோசோம் பெரியது, தொடக்கக் காரணிகளும் அதிகம். ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாக்களில் ஃபார்மைல் உண்டு. மூன்று ஜி–சி இணைகளோ நம் செல்களின் தொடக்கக் கடத்தியிலும் உண்டு. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் நமக்குத் தந்த நிலக்கடலை ரகங்களின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவும் இதே அடிப்படை இயந்திரத்தால்தான் நைட்ரஜன் பிடிக்கும் நொதியைக் கட்டுகிறது.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். ஆய்வகங்களில் பயன்படும் ஈ.கோலை இனங்கள் பெரும்பாலும் 1922இல் பிரித்தெடுக்கப்பட்ட கே-12 என்ற வகையின் வழிவந்தவை. தலைமுறை தலைமுறையாகத் தட்டில் வளர்ந்து மனிதக் குடலில் நிலைக்கும் திறனை இழந்தவை. இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1989 விதிகள், மரபணு மாற்றிய நுண்ணுயிர்களோடு வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் உயிரிப் பாதுகாப்புக் குழு வைத்திருக்கக் கட்டாயப்படுத்துகின்றன. அந்தக் குழு காகிதத்தில் மட்டும் இருந்துவிடக் கூடாது.

ரைபோசோமைப் படமெடுக்கச் சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் மூலமோ கோடிக்கணக்கில் விலையுள்ள மின்னணு நுண்ணோக்கியோ வேண்டும். பாக்டீரியாவை மாற்றிக் கேட்பதற்கு ஓர் இன்குபேட்டர், ஆட்டோகிளேவ், உறைபெட்டி, தட்டுகள், கொஞ்சம் வேதிப்பொருள், கூர்மையான கேள்வி போதும். மரபணு வரிசையை இன்று வெளியே அனுப்பிப் படித்து வாங்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை மரபியலுக்கு நீண்ட மரபு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் நுழையப் பணம் பெரிய தடை அல்ல. செய்முறை வகுப்பு ஏற்கெனவே தெரிந்த விடையைத் திரும்ப எழுதுவதாகவே நடப்பதுதான் தடை. காலனி வந்தது ஏன், வராதது ஏன் என்று கேட்க விட்டால் இளநிலை மாணவரும் இங்கே உண்மையான கேள்வியைத் தொடலாம்.

கேள்விகள் தீர்ந்துவிடவும் இல்லை. மூன்று ஜி–சி இணைகள் ஏறக்குறைய எல்லா உயிரிலும் காக்கப்படுகின்றன என்று மேலே சொன்னதற்கு மைகோபிளாஸ்மா என்ற சிறிய பாக்டீரியாக்களில் விதிவிலக்கு இருக்கிறது. அவற்றில் பலவற்றின் தொடக்கக் கடத்தியில் மூன்றில் ஒன்றோ இரண்டோ இணைகள் மாறியிருக்கின்றன. ஏ.யு.ஜி. அல்லாத கோடான்களிலும் அவை அதிகமாகத் தொடங்குகின்றன. ஈ.கோலையில் தவறாகக் கருதப்படும் கடத்தி அங்கே எப்படி ஏற்கப்படுகிறது? வர்ஷ்ணேயின் குழு 2018இல் அவற்றின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டது. முதல் இணையும் மூன்றாம் இணையும் மாறிய மைகோபிளாஸ்மாக்களில், தவறான கடத்தியை விரட்டும் ஐ.எஃப்.3 என்ற தொடக்கக் காரணியில் மற்ற பாக்டீரியாக்களில் மாறாமலிருக்கும் ஓர் ஆர்ஜினின் மாறியிருந்தது. ரைபோசோமின் எஸ்9 புரதத்தின் வால்நுனியிலும் ஓர் அமினோ அமிலம் வேறாக இருந்தது. அந்த இரண்டு மாற்றங்களையும் ஈ.கோலைக்குள் கொண்டுவந்து பார்த்தார்கள். ஐ.எஃப்.3இன் மாற்றம், முழு இணைகள் இல்லாத கடத்தியைக் கொண்டே தொடக்கம் நன்றாக நடக்க வழிசெய்தது, எஸ்9இன் மாற்றமும் அதனோடு ஒத்துப்போயிற்று. மைகோபிளாஸ்மாக்களில் சில மனிதருக்கு நோய் தருபவையும்கூட. அவற்றின் இந்த வேறுபட்ட தொடக்கத்தை மட்டும் குறிவைத்து மருந்து செய்ய முடியுமா என்பதற்கான சோதனைக்களம், ஈ.கோலையில் செய்த அந்தத் திருத்தங்களோடு இப்போது தயாராக இருக்கிறது.